கறிவேப்பிலைப் புழுவுக்கு மருந்து கேட்பவர்கள்

வீட்டுத் தோட்டம், மாடித் தோட்டம் போடுபவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். அடிக்கடி வரும் கேள்விகளில் இரண்டு: “சார், கறிவேப்பிலையில புழு விழுந்திருக்கு, என்ன மருந்து அடிக்கலாம்?”, “வண்ணத்துப்பூச்சி வர்றதுக்கு என்ன செடி வைக்கலாம்?” பல நேரம் இரண்டையும் கேட்பவர் ஒருவரேதான், அதுவும் ஒரே மூச்சில். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவர்கள்தான் எல்லோரும். ஆனாலும் தொட்டியில் நெளிவதும் மொட்டைமாடியில் பறப்பதும் ஒரே உயிர் என்பது மருந்து டப்பாவைக் கையில் எடுக்கும்போது ஞாபகத்துக்கு வருவதில்லை.

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வரும் அந்தப் புழு யார் என்று பார்ப்போம். பெரும்பாலும் எலுமிச்சை அழகி, இல்லாவிட்டால் கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. தாய்ப் பூச்சி செடியைச் சுற்றிச் சுற்றி வந்து, கால்களால் இலையைத் தட்டிப் பார்க்கும். இலையின் ருசி அதற்குக் கால் வழியாகத்தான் தெரியும். சரியான செடிதான் என்று தெரிந்ததும் தளிரில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். கடுகைவிடச் சின்னதாக, வெளிர்மஞ்சளாக, உருண்டையாக இருக்கும். அதிலிருந்து வரும் குட்டிப் புழு கரும்பழுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டோடு, அப்படியே காக்கை எச்சம் போலக் கிடக்கும். கூர்ந்து பார்க்காதவர் கண்ணில் படாது. அதற்காகத்தான் அந்த வேஷமே. தோலுரித்து வளர்ந்து, கடைசிக் கட்டத்தில் இலைப் பச்சைக்கு மாறிவிடும். அப்போது லேசாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல் பிளந்த கொம்பு ஒன்றை வெளியே நீட்டும். கூடவே காட்டமான ஒரு வாடை அடிக்கும். பயந்து கையை இழுத்துக்கொள்பவர்கள் உண்டு. கடிக்காது, கொட்டாது, அரிக்காது. அதன் ஆயுதம் அந்த வாடை மட்டும்தான்.

இலை தின்னும் காலம் ஏறக்குறைய இரண்டு வாரம். அதற்குள் சின்னச் செடியை மொட்டையடித்துவிடும் என்பது உண்மைதான். வேர் பிடித்து வளர்ந்த கறிவேப்பிலை மறுபடி துளிர்த்துவிடும்.

வண்ணத்துப்பூச்சிக்காக இட்லிப்பூவும் உண்ணிச்செடியும் வாங்கி வைக்கிறார்கள். (உண்ணிச்செடி நம் காடுகளைப் பிடித்து அழிக்கும் அயல்செடி, அதைப் போய்க் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.) பூவில் தேன் குடிக்கப் பூச்சி வரும், குடிக்கும், போய்விடும். தங்கி இனம் பெருக்க வேண்டுமென்றால் புழுவுக்குச் சோறு போடும் செடி வேண்டும். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சிக்கு எருக்கு. எருக்கம்பாலில் உள்ள நஞ்சை அதன் புழு உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால்தான் பறவைகள் அதைத் தொடுவதில்லை. உடல் சிவந்த கருப்பு அழகிகளுக்கு ஆடுதின்னாப்பாளை. 2019ல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனின் புழு நீரடிமுத்து இலையைத் தின்று வளர்வது. தமிழ் மறவன் படத்தைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அதன் புழுவின் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

புழு என்றாலே உடம்பு கூசுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. முருங்கை மரமுள்ள தெருவில் வளர்ந்த யாருக்கும் கம்பளிப்பூச்சியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பகலில் அடிமரத்தில் கொத்துக் கொத்தாக அப்பிக்கிடக்கும். இரவானால் மேலேறித் தின்னும். அதன் மயிர் பட்டால் தடிப்பும் அரிப்பும் நிச்சயம். ஆனால் அது வளர்ந்து ஆவது வண்ணத்துப்பூச்சி அல்ல, அந்துப்பூச்சி. முருங்கையில் பட்ட அனுபவத்தை வைத்துக்கொண்டு கறிவேப்பிலையில் தண்டனை கொடுக்கிறோம்.

கம்பளிப்பூச்சி பட்டால் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தேய்க்காதீர்கள், தேய்த்தால் மயிர் இன்னும் உள்ளே ஏறும். செல்லோடேப்பைப் பட்ட இடத்தில் ஒட்டி ஒட்டி எடுங்கள், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். போட்டிருந்த துணியையும் துவைத்துவிடுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட்டு நேரே கண் டாக்டரிடம் போக வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், ஆஸ்பத்திரிதான். பந்தம் கொளுத்திச் சுடுவது பழைய வழக்கம். வீடுகள் நெருங்கிய தெருவில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தீயும் ஆபத்து, மயிரும் காற்றில் பறக்கும், செத்த புழுவின் மயிரும் அரிக்கும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு, பகலில் நீளமான துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிடுவதே போதும்.

மயிர் அடர்ந்தது எல்லாவற்றிலிருந்தும் கையைத் தள்ளியே வையுங்கள். பச்சையாக இருப்பதெல்லாம் சாது என்றும் நினைத்துவிட வேண்டாம். தென்னை, மா, ஆமணக்கில் வரும் ஒரு தடித்த பச்சைப் புழு, முதுகில் நீலக் கோடும் பக்கத்துக்குப் பக்கம் முள்கொத்துமாக இருக்கும், சுளீரென்று கொட்டும். அதுவும் ஒரு அந்துப்பூச்சியின் புழுதான்.

அதற்காக அந்துப்பூச்சிப் புழுக்கள் எல்லாமே கெட்டவை என்றும் இல்லை. “நந்தியாவட்டையில பாம்புக்குட்டி இருக்கு, உடனே வாங்க” என்று ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். போனால் விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு, தலைக்குப் பக்கத்தில் இரண்டு நீலக் கண் போன்ற புள்ளிகள், வாலில் ஒரு சின்னக் கொம்பு. கையில் எடுத்துக் காட்டினேன். அந்த வீட்டுச் சிறுமி விரலை நீட்டினாள். பாட்டி “ச்சீ, தொடாதே” என்று கத்தியதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அருவருப்பு எந்த வயதில், எப்படித் தொற்றுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக நான் பார்த்ததில்லை. அந்தப் புழு வளர்ந்தால் பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்து, பளிங்கில் வரைந்த மாதிரி ஒரு பெரிய அந்துப்பூச்சியாக வரும்.

சரி, மருந்து விஷயத்துக்கு வருவோம். எனக்குக் கவலை வண்ணத்துப்பூச்சியைப் பற்றி மட்டுமல்ல. பருத்திக்கு வாங்கி மிச்சமான மானோகுரோட்டோபாஸ் என்ற கடும் நஞ்சான பூச்சிக்கொல்லியை வீட்டுக் கறிவேப்பிலையில் அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காய்கறிப் பயிர்களில் அதை அடிக்க 2005லேயே தடை வந்துவிட்டது. நாளைக்குத் தாளிக்கப் போகிற இலை அது.

“நாங்க இயற்கை மருந்துதான் அடிக்கிறோம்” என்று நிம்மதியாகச் சொல்பவர்களுக்கும் ஒரு செய்தி. கடையில் ‘பிடி’ (Bt) என்று விற்கும் பாக்டீரியா மருந்து மனிதனுக்கும் தேனீக்கும் தொந்தரவு தராதது உண்மை. புழுக்களுக்கான அதன் ரகம் குறிவைப்பது அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி இனங்களின் புழுக்களைத்தான். இலையோடு அது வயிற்றுக்குள் போனதும் குடல் ஓட்டையாகி, தின்பதை நிறுத்திச் செத்துப்போகும். வண்ணத்துப்பூச்சி வரக்கூடாது என்பவருக்கு இதைவிடக் கச்சிதமான மருந்து கிடைக்காது. வேப்பெண்ணெயும் இந்தப் புழுக்களைப் பிழைக்க விடாது.

எலுமிச்சை நாற்றங்கால் வைத்திருப்பவருக்கு நான் இப்படி உபதேசம் செய்ய மாட்டேன். அங்கே இந்தப் புழு நிஜமான நஷ்டம். கன்றுகளை நாள் கணக்கில் காலி செய்துவிடும். அவர் தினம் பார்த்துக் கையால் பொறுக்கட்டும், தேவைப்பட்டால் மருந்தும் அடிக்கட்டும். வீட்டில் ஒரு செடி வைத்திருப்பவர், செடி சின்னது என்றால், புழு இருக்கும் இலையோடு கிள்ளிப் பக்கத்திலுள்ள பெரிய எலுமிச்சை அல்லது நாரத்தை மரத்தில் விட்டுவிடலாம். வேப்பமரத்திலோ மாமரத்திலோ விட்டால் பட்டினியால் சாகும். இடம் இருந்தால் இரண்டாவதாக ஒரு கறிவேப்பிலைக் கன்று வையுங்கள். ஒன்று சமையலுக்கு, இன்னொன்று புழுவுக்கு.