முதலிலேயே பணம் கேட்டால் அவர் இலக்கிய முகவர் இல்லை

தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர் தன் நாவலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக, இலக்கிய முகவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். முதலில் 'வாசிப்புக் கட்டணம்', அப்புறம் 'பதிவுக் கட்டணம்'. அக்காவின் வளையலை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார். இப்போது அந்த ஆள் போனையே எடுப்பதில்லை. பிரதி செம்மையாக்கும் தொழிலில் இருக்கிறேன். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இதே கதையைக் கேட்டுக் கேட்டு மனசு வெறுத்துவிட்டது.

இலக்கிய முகவர் எழுத்தாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. உங்கள் புத்தகத்தைப் பதிப்பகத்திடம் விற்றுத் தருவார். பதிப்பகம் உங்களுக்குத் தரும் முன்பணத்திலும் ராயல்டியிலும் பொதுவாக 15 சதவீதம், வெளிநாட்டு உரிமை என்றால் 20 சதவீதம் வரை அவர் பங்கு. புத்தகம் விலைபோகவில்லை என்றால் அவருக்கும் ஒன்றும் கிடையாது. அதனால்தான் பார்த்துப் பார்த்து எடுக்கிறார், பலதை மறுக்கிறார். "பெரிய ஆளு, சும்மா செய்வாரா அண்ணே?" என்று கேட்கிறார்கள். சும்மா செய்யவில்லை, விற்ற பிறகு எடுத்துக்கொள்கிறார். முதலிலேயே கூலியை வாங்கிவிட்டவர் உங்கள் நாவலுக்காக ஏன் அலைய வேண்டும்? சொந்தப் பணத்தில் அச்சடிப்பது வேறு விஷயம். அதைத் தெரிந்தே செய்யுங்கள், தப்பில்லை.

தமிழில் புத்தகம் போட முகவரே தேவையில்லை. பதிப்பகங்களுக்கு நேரடியாக அனுப்பலாம். ஆங்கிலம், பிறமொழி உரிமை என்று வரும்போதுதான் முகவர். 2023 ஜனவரியில் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி அந்த உரிமைப் பேச்சுக்காகவே நடக்கிறது.

நாவலை முடித்துவிட்டு அனுப்புங்கள். ஒரு பக்கக் கடிதம், முடிவையும் சொல்லும் கதைச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள், எல்லாம் யூனிகோட் எழுத்துருவில். முகவரோ பதிப்பகமோ வேறு விதமாகக் கேட்டிருந்தால் கேட்டபடி. ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் முழு நாவலையும் தள்ளாதீர்கள். சுருக்கத்தில் முடிவை மறைக்காதீர்கள், அது சினிமா போஸ்டர் இல்லை.

மறுப்பு வந்தால்? பதில் சண்டை வேண்டாம், பேஸ்புக்கில் திட்டவும் வேண்டாம். பொதுவான இரண்டு வரி மறுப்பில் தோண்டிப் பார்க்க எதுவுமில்லை. அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். காரணம் எழுதியிருந்தால் பத்திரப்படுத்துங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அந்த இடத்தில் உட்கார்ந்து வேலை பாருங்கள். நம் கடற்கரையில் எனக்கு ரொம்ப வலிக்கிற ஒன்று உண்டு. முதல் மறுப்பு வந்ததும் "நம்ம பேச்சு அவங்களுக்குப் புரியலை" என்று வாடை, கொண்டல், கச்சான் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு வெறும் 'காற்று' என்று போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நான் பார்த்த மறுப்புகளில் பெரும்பாலானவை கதை நகராததால் வந்தவை. 1964 தனுஷ்கோடிப் புயலை எழுதுகிறவர்கள் பலர். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பற்றிய நாவல் என் மேசைக்கு அபூர்வமாகவே வருகிறது.

சரி, ஏற்றுக்கொண்டார்கள் என்றால் வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பரப்பு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். 'எல்லா மொழிகளிலும், நிரந்தரமாக' என்ற வரி இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.