பூட்டிக் கிடக்கும் வீட்டை யார் இடிக்கிறார்கள்?

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக, எல்லை தாண்டிக் கேரளத்து ஆரியங்காவுக்கு அடிக்கடி பைக்கில் போய்வரும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சாலையோரம் ஓடு சரிந்து, வாசலில் புதர் மண்டிக் கிடக்கும் வீடுகளுக்குள் நுழைந்து பார்ப்பது எனக்கும் நண்பர்களுக்கும் பொழுதுபோக்கு. ஒன்று மட்டும் புரியவில்லை. ஆள் இருக்கிற வீடு எண்பது வருஷம் நிற்கிறது. பக்கத்திலேயே அதே காலத்தில் கட்டிய வீடு, பூட்டிப் போட்ட பத்துப் பதினைந்து வருஷத்தில் வாயைப் பிளந்துவிடுகிறது. மனுஷ மூச்சு படாத வீடு தங்காது என்று எங்கள் ஆச்சி சொல்வது உண்மையா?"

ஆச்சி சொல்வதில் விஷயம் இருக்கிறது. மூச்சு என்ற இடத்தில் விளக்குமாறு என்று போட்டுக்கொண்டால் கணக்கு சரியாக வரும்.

அந்தப் பாதையில் கைவிட்ட கட்டடங்களுக்குப் பஞ்சமே இல்லை. 1904-இல் மலையைக் குடைந்து ரயில் வந்தது. 1956 நவம்பர் 1 அன்று எல்லை நகர்ந்து, திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததும் எல்லையோர வணிகவரிச் சோதனைச் சாவடிகளுக்கு வேலை இல்லாமல் போனது. 2018-இல் மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை முழுதாகத் திறந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் யாரோ சிலர் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள்.

முதலில் சுலபமான பகுதியை முடித்துவிடலாம். ஆள் இருக்கிற வீட்டில் ஓடு ஒன்று நகர்ந்தால், அடுத்த மழையில் சோற்றுப் பானைக்குள் சொட்டும். அன்றைக்கே யாராவது ஏறிச் சரிசெய்வார்கள். பூட்டிய வீட்டில் அந்த ஒரு ஓடு வழியாகச் சாரல் முழுக்க உள்ளே இறங்கும். கைமரம் நனையும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பின்னாலேயே கரையான். கைமரம் ஒடிந்ததும் கூரை உட்காரும். இதெல்லாம் தெரிந்த கதைதான்.

ஆனால் கூரை போன பிறகும் சுவர் நிற்கவேண்டும், இல்லையா? இரண்டடி கனத்துக் கல் சுவரும் சுண்ணாம்புக் காரையும் வெறும் மழைக்கு அவ்வளவு சீக்கிரம் விழாது. அதைப் பிளப்பது அரசங்கன்று. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டிய ஆள் இது.

அரசு, ஆல், இத்தி எல்லாமே ஒரே குடும்பம், அத்திக் குடும்பம். காட்டில் இவற்றில் பலவும் தரையில் முளைப்பதில்லை. வேறொரு மரத்தின் கவட்டில் முளைத்து அங்கிருந்து வேரைக் கீழே இறக்குகின்றன. பனைமட்டை இடுக்கில் ஆலங்கன்று நிற்பதை நம் பக்கத்தில் பார்க்காதவர்கள் இருக்கமாட்டார்கள். தரையில் நிழல், போட்டி, மேயும் ஆடு; மேலே வெயில் தாராளம். அந்த ஏற்பாட்டோடு வருகிற விதைக்கு நம் கைப்பிடிச் சுவரும் ஒரு பனைதான்.

விதை வந்து சேர்வதும் ருசியான கதை. மைனா, குயில், குக்குறுவான், வௌவால் எல்லாம் பழத்தைத் தின்று எச்சமிடுகின்றன. ஒரு பழத்துக்குள் ஏராளமான விதைகள், ஒவ்வொன்றும் கடுகைவிடச் சிறியது. பழம் தின்னும் எல்லாப் பறவையும் விதை பரப்பும் என்று நினைக்கவேண்டாம். பச்சைப்புறா கூட்டமாக வந்து அத்திப்பழத்தை மொக்கும். ஆனால் அதன் வலுவான இரைப்பை விதைகளில் பெரும்பாலானவற்றை அரைத்தே விடும். மரத்துக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

அடுத்து, விதை முளைக்கச் சுவர் இடம் கொடுக்கவேண்டும். இந்த வேதியியல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். புதுச் சுண்ணாம்புக் காரையின் பிஎச் (அமில, கார அளவு) 12-க்கு மேல். அந்தக் காரத்தில் இளவேர் கருகிவிடும். ஆனால் காரை வருஷக்கணக்கில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி மெல்ல மெல்லக் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது மறுபடி சுண்ணாம்புக்கல்லாக மாறுகிறது. பிஎச் 8 பக்கத்துக்கு இறங்குகிறது. காரை இறுகி நல்ல பலம் பெறுவதும் இந்த மாற்றத்தால்தான், செடி குடியேற லாயக்காவதும் இதே மாற்றத்தால்தான். சிமென்டுக்கும் இதே விதி, கொஞ்சம் தாமதமாக. தாத்தா கட்டிய வீட்டில் பேரன் காலத்தில் மரம் முளைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இடுக்கில் தூசியும் பாசியும் சேர்ந்து கொஞ்சம் ஈரம் பிடித்துவைத்தால் போதும்.

சரி, முளைத்தாயிற்று. வேர்நுனி ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாதது. வழவழப்பான ஒரு பசையைச் சுரந்துகொண்டு இருக்கிற இடுக்கில் நுழைகிறது. இந்தக் கட்டத்தில் எதையும் உடைப்பதில்லை. வேர் சுவாசித்து விடும் கார்பன் டை ஆக்சைடு ஈரத்தில் கரைந்து மெல்லிய அமிலமாகிக் காரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. பாதை கிடைத்துவிட்டது. இனிமேல்தான் வேர் பருக்கத் தொடங்கும்.

வேருக்குள் கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கு புதுப்புதுச் செல்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு செல்லும் பள்ளிப் பாடத்தில் வந்த சவ்வூடு பரவலால் தண்ணீரை உள்ளே இழுத்து விறைக்கிறது. உள்ளே விறைப்பழுத்தம், வெளியே கல். யார் ஜெயிப்பார்கள்? 1893-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பிஃபெஃபர் இதை அளந்தே பார்த்தார். அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேரைச் சுற்றி ஜிப்சம் கட்டிகளை வார்த்து, வளரும் வேர் அந்தக் கட்டிகளை எவ்வளவு விசையோடு விலக்குகிறது என்று பார்த்தார். அவருக்குப் பிறகும் பலர் அளந்திருக்கிறார்கள். பொதுவாகச் சதுர சென்டிமீட்டருக்கு 5 முதல் 10 கிலோ என்ற அளவில் வேர் தள்ளும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு கிலோ சொச்சம்தான்.

இப்போது சுவரின் பக்கம். பத்தடி உயரச் செங்கல் சுவரின் அடியில், அந்தச் சுவரின் சொந்த எடை எவ்வளவு அழுத்தும்? ஒரு கனமீட்டர் செங்கல் கட்டு சுமார் 1,800 கிலோ. உயரம் மூன்று மீட்டர். வகுத்துப் பார்த்தால் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ சொச்சம். வேரின் பலத்தில் பத்தில் ஒரு பங்கு! சுவரின் பாரமே வேரை நசுக்கிவிடும் என்பதெல்லாம் இங்கே நடக்காது. அதுவும் அரசங்கன்று பெரும்பாலும் முளைப்பது கைப்பிடிச் சுவரிலும் கூரை விளிம்பிலும். அங்கே மேலிருந்து அழுத்த ஒன்றுமே இல்லை. ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு வேர் இடுக்கைத் தொட்டுக்கொண்டிருந்தால் நூறு சதுர சென்டிமீட்டர். குறைந்தபட்சக் கணக்கிலேயே அரை டன் தள்ளல். சுவர் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. காரை விட்டுக்கொடுத்துவிடும்.

விட்டுக்கொடுத்தது திரும்பி வராது என்பதுதான் இதில் விசேஷம். ராத்திரிக் குளிரில் செங்கல் சுருங்க, விரிசல் இம்மியளவு விரியும், பகல் வெயிலில் மூடப் பார்க்கும். அதற்குள் வேர் அந்த இம்மியில் செல்லை நிரப்பியிருக்கும். ஆயிரக்கணக்கான பகலும் இரவும் இப்படிப் போனால் கதை முடிந்தது.

ஆரியங்காவு பக்கம் காரை பெயர்ந்த ஒரு சுவரில் இதை நன்றாகப் பார்க்கலாம். உள்ளே கிடந்த வேர் உருண்டையாக இல்லை. ஒன்றரை அங்குல அகலத்தில் பட்டையாக, செங்கல் இடுக்கு எவ்வளவு கனமோ அவ்வளவே கனமாக இருந்தது. செங்கலின் மூலை வந்த இடத்தில் செங்குத்தாக மடங்கிக் கீழே இறங்கி, அடுத்த வரிசையில் மறுபடி படுத்திருந்தது. மேற்பரப்பில் செங்கலின் சொரசொரப்புகூட அப்படியே பதிந்திருந்தது.

ஆனால் மரத்தை மட்டும் வில்லனாக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அத்தி இனத்து வேர்கள் ஒன்றையொன்று தொட்டால் ஒட்டி ஒன்றாகிவிடும். அதனால் சுவருக்கு வெளியே ஒரு வலை பின்னப்படுகிறது. உள்ளே காரை மாவாகிப்போன பிறகும் அந்த வலை கற்களைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கம்போடியாவின் தா புரோம் கோயில் இதற்கு உலகறிந்த சாட்சி. நம் இந்தியத் தொல்லியல் துறையும் அங்கே சீரமைப்பில் வேலை பார்த்திருக்கிறது. எந்த மரம் இடிக்கிறது, எந்த மரம் தாங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டிய வேலை அது. நம் ஊரில் நடப்பது வேறு. காண்டிராக்டர் அரிவாளோடு ஏறி மரத்தை வெட்டுவார், இழுக்க முடிந்த வேரையெல்லாம் இழுப்பார், கூடவே கல்லும் வரும். வராத வேர் மறுபடி துளிர்க்கும். துளிர்க்காதது உள்ளேயே மக்கி வெற்றிடமாகும். இரண்டு மழை கழித்துச் சுவர் படுத்தால், பழி மழைக்கு.

கன்று இரண்டிலையாக இருக்கும்போது மழை ஈரத்தில் கையால் பிடுங்கினால் முழுசாக வந்துவிடும். அரசைப் பிடுங்கினால் பாவம் என்று சொல்லி விட்டுவைக்கிறவர்கள் எல்லையின் இரண்டு பக்கமும் உண்டு. அரசமரத்தை மதிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அதன் இடம் குளக்கரை. மொட்டைமாடிக் குழாயோரக் கன்றைப் பிடுங்கிக் குளக்கரையில் நட்டால் புண்ணியமும் கிடைக்கும், வீடும் மிஞ்சும். விட்டுவைத்துச் சுவர் பிளந்த பிறகு, ராத்திரியில் அங்கிருந்து சீறும் சத்தம் கேட்கிறது, பேய் என்பார்கள். அந்தப் பேய்கூட எல்லை தாண்டினால் வீடு மாறுகிறது: ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் ஏழிலைப்பாலையில் யட்சி, இந்தப் பக்கம் புளியமரத்தில் பேய். இடிந்த வீட்டில் சீறுவது பெரும்பாலும் கூகை. வெள்ளை முகம், சத்தமில்லாத பறத்தல், பாம்புபோல் சீறும் குஞ்சுகள். பயந்து ஓடும்போது கைப்பிடி இல்லாத கிணற்றில் விழாமல் இருந்தால் சரி. உள்ளே நுழையும் நண்பர்களுக்கும் இதையே சொல்கிறேன்: வேர் பிடித்த சுவருக்கு அடியில், அதுவும் நல்ல மழைக்கு மறுநாள், நிற்கவேண்டாம். மரவலையில் தொங்கும் வாசல் வளைவுக்குக் கீழே செல்ஃபி எடுப்பதை எந்த இயற்பியலும் ஆதரிக்காது.

எனக்குள்ள ஆதங்கம் வேறு. சுண்ணாம்புக் காரையில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்தால் என்ன ஆகிறது என்று தமிழ்நாட்டில் சிலர் நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தக் காரையில் அரசம்வேர் எவ்வளவு சீக்கிரம் நுழைகிறது, வெட்டிய பிறகு செத்த வேரை உள்ளேயே விட்டு இடுக்கைக் காரையால் நிரப்பினால் சுவர் எத்தனை வருஷம் நிற்கும் என்பதற்குப் பணம் கேட்டுப் பாருங்கள், கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். இத்தனைக்கும் செங்கோட்டை–புனலூர் பாதை இதற்கென்றே அமைந்த ஆய்வுக்கூடம். சுமார் 50 கிலோமீட்டருக்குள் வறண்ட காற்றிலிருந்து விடாத மழைவரை எல்லாம் இருக்கிறது. சாலை நெடுகப் பூட்டிய வீடுகள். விரிசலின் இரண்டு பக்கமும் ஒட்டிவைத்து, அது எவ்வளவு விரிகிறது என்று பார்க்கிற அளவுச் சில்லுகள் விலை குறைந்தவை. ஒரு முதுகலை மாணவரும், ஒரு பைக்கும், இரண்டு மாநில அதிகாரிகளின் அனுமதிக் கடிதமும் போதும். இதில் சிரமம் எது என்று எல்லைப்பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.