‘வருந்தி’ என்றால் வருந்துவது யார்?

லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் ஒரு விருந்து உவமை வருகிறது. ஒருவர் பெரிய விருந்துக்கு ஏற்பாடு செய்கிறார். முன்பே அழைப்புப் பெற்றவர்கள், இலை போடுகிற நேரத்தில் வர மறுக்கிறார்கள். ஊருக்குள் இருக்கும் ஏழைகளைக் கூட்டிவந்த பிறகும் இடம் மிஞ்சுகிறது. அப்போது வீட்டு எஜமான் வேலைக்காரனிடம் சொல்கிறார்: “நீ பெருவழிகளிலும் வேலிகளருகிலும் போய், என் வீடு நிறையும்படியாக ஜனங்களை உள்ளே வரும்படி வருந்திக் கூட்டிக்கொண்டுவா.” புராட்டஸ்டண்டு சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பின் வாசகம் இது.

இதில் ‘வருந்தி’ என்ற சொல் இன்றைக்கு நம்மை நிறுத்திவிடுகிறது. ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவர்கள் நாம். நமக்கு வருந்துவது என்றால் கவலைப்படுவது, இல்லாவிட்டால் மன்னிப்புக் கேட்பது. சபைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ‘பாவத்துக்காக மனம் வருந்தி’ என்பதும் சேர்ந்து நினைவுக்கு வரும். அதனால் ‘ஜனங்கள் மனம் வருந்தி வரவேண்டும்’ என்று இந்த வசனத்துக்குப் பொருள் கொள்பவர்களும் உண்டு. சிறு வயதில் நானும் அப்படித்தான் புரிந்துவைத்திருந்தேன். அது சரியில்லை.

முதலில் இலக்கணத்தைப் பார்ப்போம். ‘வருந்தி’ வினையெச்சம். ‘அவன் ஓடி வந்தான்’ என்றால் ஓடியவனும் வந்தவனும் ஒருவனே. அதுபோல ‘வருந்திக் கூட்டிக்கொண்டுவா’ என்றால், கூட்டிவரப்போகிற வேலைக்காரன்தான் வருந்தவேண்டும். வழியோரத்தில் நிற்கிறவர்கள் அல்ல.

சரி, அவன் எதற்காக வருந்தவேண்டும்? இங்கேதான் சொல்லின் பழைய பொருள் தேவைப்படுகிறது. வருந்துதல் என்பதற்கு ‘பாடுபடுதல், மெனக்கெடுதல்’ என்ற பொருளும் உண்டு. ‘தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்’ என்ற குறளில் வருகிற வருத்தம் கவலை அல்ல, உடல் உழைப்பு. இந்தப் பொருளிலிருந்துதான் ‘வருந்தி அழைத்தல்’ என்ற தொடர் பிறக்கிறது. ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய்விடாமல், நின்று, திரும்பத் திரும்பக் கேட்டு, கெஞ்சி அழைப்பது அது. ‘வருந்தி அழைத்தாலும் வாராத வாரா’ என்று தொடங்கும் ஔவையாரின் நல்வழிப் பாட்டு பலருக்குப் பள்ளிப் பாடமாகவே தெரியும். பேச்சிலும் இது இன்னும் சாகவில்லை. ‘வருந்தி வருந்திக் கூப்பிட்டாங்க, போகாம இருந்தா நல்லா இருக்காது’ என்று சொல்கிறோமே, அதே வருந்தல்தான்.

மூல கிரேக்கத்தில் இந்த இடத்தில் இருக்கும் சொல் ‘அனங்காசொன்’. ‘அனங்கே’ என்ற பெயர்ச்சொல்லுக்குக் கட்டாயம், தவிர்க்கமுடியாத தேவை என்று பொருள். அதிலிருந்து வந்த ‘அனங்காசோ’ என்ற வினையின் ஏவல் வடிவம் இது. அகராதியை மட்டும் நம்பினால் ‘கட்டாயப்படுத்து’ என்று எழுதவேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அது தெரியாமல் இல்லை. அப்போஸ்தலர் 26:11இல் பவுல், தான் விசுவாசிகளைத் துன்புறுத்திய நாட்களைச் சொல்லும்போது இதே வினைதான் வருகிறது. அங்கே ‘தேவதூஷணஞ்சொல்லக் கட்டாயப்படுத்தினேன்’ என்று எழுதியிருக்கிறார்கள். 2 கொரிந்தியர் 12:11இல் ‘பலவந்தப்படுத்தினீர்கள்’. மத்தேயு 14:22இல் இயேசு சீஷர்களைப் படகில் ஏறச் சொல்லும் இடத்தில் ‘துரிதப்படுத்தினார்’. ஒரே கிரேக்க வினைக்கு மூன்று இடங்களில் மூன்று சொற்கள். நான்காவதாக, விருந்துக்கு அழைக்கும் இடத்தில், ‘வருந்தி’. இடம் பார்த்துச் சொல்லை மாற்றியிருக்கிறார்கள்.

இந்தச் சொல்லை வேறு எங்கெல்லாம் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். ஆதியாகமம் 19இல் அந்நியர் இருவரைத் தன் வீட்டில் தங்கச் சொல்லி லோத்து ‘மிகவும் வருந்திக் கேட்டுக்கொண்டான்’. சூனேம் ஊர்ப் பெண் எலிசாவைச் சாப்பிட அழைக்கும்போது ‘வருந்திக் கேட்டுக்கொண்டாள்’. எம்மாவு ஊருக்குப் போன சீஷர் இருவர், பொழுது சாய்ந்துவிட்டது, எங்களோடு தங்கும் என்று கூட வந்த வழிப்போக்கரை ‘வருந்திக் கேட்டுக்கொண்டார்கள்’. பிலிப்பியில் லீதியாள் பவுலையும் உடன் இருந்தவர்களையும் தன் வீட்டுக்கு அழைத்தபோதும் அதே சொல். நான்கிலும் ஒருவர் இன்னொருவரைத் தம் வீட்டுக்குள் அழைக்கிறார். விருந்தோம்பலுக்கென்றே தமிழில் ஒரு சொல் இருந்தது. லூக்கா 14இல் அதைக் கொண்டுவந்து சரியான இடத்தில் வைத்தார்கள். இதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சம் அல்ல.

‘கட்டாயம்’ என்ற சொல்லே அழைப்பில் வரும்போது எப்படி மாறிவிடுகிறது என்றும் பார்க்கலாம். பத்திரிகை வைக்க வந்தவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ‘கட்டாயம் குடும்பத்தோட வந்துடணும்’ என்கிறார். யாராவது நம்மைப் பலவந்தம் செய்துவிட்டதாக நினைக்கிறோமா? நாம் வராவிட்டால் அவருக்குக் குறை என்றுதான் அதற்குப் பொருள். கிரேக்கச் சொல்லும் விருந்து வீட்டு வாசலில் நிற்கும்போது அப்படித்தான் ஒலித்திருக்கவேண்டும்.

லத்தீனில் இது வேறு வழியில் போனது. வுல்காத்தா என்ற லத்தீன் விவிலியத்தில் ‘கொம்பெல்லே இந்த்ராரே’ என்று வருகிறது: உள்ளே வரும்படி நெருக்கு. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகர ஆயராக இருந்த அகுஸ்தீன், தொனாத்தியர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரோடு நெடுங்காலம் வாதிட்டவர். பேசிப் புரியவைத்தால் போதும் என்பதே முதலில் அவர் நிலை. பிறகு பேரரசின் சட்டங்களால் பலர் சபைக்குத் திரும்பி வந்ததைப் பார்த்து மனம் மாறியதாக அவரே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். 417ஆம் ஆண்டுக் கடிதத்தில் இந்த வசனத்தையே ஆதாரமாகக் காட்டுகிறார். மரண தண்டனையை அவர் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆனால் வாசல் திறந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் அதே வசனத்தைத் தூக்கிக்கொண்டு இன்னும் வெகுதூரம் போனார்கள். 1685இல் பிரான்சில் பதினான்காம் லூயி புராட்டஸ்டண்டுகளின் வழிபாட்டு உரிமையைப் பறித்தபோதும் இந்தச் சொற்கள் பிரசங்கங்களில் ஒலித்தன. அந்த ஆண்டே சிறையில் தன் அண்ணனைப் பறிகொடுத்த பியேர் பேல் என்ற பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டு சிந்தனையாளர், அடுத்த ஆண்டு இந்த ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கட்டாயத்தால் விசுவாசம் வராது என்று ஒரு முழு நூல் எழுதினார்.

தமிழில் இந்த வேறுபாடு ஒற்றை மெய்யெழுத்தில் இருக்கிறது. திருந்து – திருத்து, பொருந்து – பொருத்து, அருந்து – அருத்து. மெல்லினம் வந்தால் தன்வினை, அது வல்லினமாக மாறினால் பிறவினை. வருந்து – வருத்து ஜோடியும் அப்படியே. ‘வருந்திக் கூட்டிக்கொண்டுவா’ என்றால் பாடு அழைக்கிறவனுக்கு. ‘வருத்திக் கூட்டிக்கொண்டுவா’ என்றிருந்தால் பாடு அழைக்கப்படுகிறவனுக்கு. பேலின் அண்ணனைச் சிறையில் அடைத்தவர்கள் படித்தது இரண்டாவது வாக்கியம். நம் கையில் இருப்பது முதலாவது.

மூலத்துக்கு எது நெருக்கம் என்று கேட்டால், கதையே பதில் சொல்கிறது. வயல் வாங்கினேன், பார்க்கவேண்டும் என்றான் ஒருவன். ஐந்து ஏர்மாடு, அதாவது பத்து மாடுகள், வாங்கியிருக்கிறேன் என்றான் அடுத்தவன், வசதியான விவசாயி. கல்யாணம் ஆகியிருக்கிறது என்ற மூன்றாமவன் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. ‘போக்குச்சொல்லத் தொடங்கினார்கள்’ என்பது பழைய மொழிபெயர்ப்பின் தொடர். எஜமானுக்குக் கோபம் வருகிறது. ஆனாலும் இந்த மூவரையும் இழுத்துவர அவர் ஆள் அனுப்பவில்லை. மறுத்தவர்களின் மறுப்பு அப்படியே விடப்படுகிறது. கட்டாயம்தான் கருத்து என்றால் முதலில் அது இவர்கள்மேல் அல்லவா விழுந்திருக்கவேண்டும்?

அப்புறம் ஊருக்குள் இருக்கும் ஏழைகள், ஊனர், குருடர். அவர்களைக் ‘கூட்டிக்கொண்டுவா’ என்று மட்டும் சொல்கிறார். வருந்தி என்ற அடைமொழி அங்கே இல்லை, சொன்னதும் வந்துவிடுகிறார்கள். ‘இன்னும் இடம் இருக்கிறது’ என்று வேலைக்காரன் வந்து சொன்ன பிறகுதான் ஊருக்கு வெளியே, வேலியோரத்தில் கிடப்பவர்களுக்காக அந்தச் சொல் வருகிறது. ஏன் அவர்களுக்கு மட்டும்? அவர்கள் மறுக்கிறவர்கள் அல்ல, அழைப்பை நம்ப முடியாமல் தயங்குகிறவர்கள். முன்பின் தெரியாத பெரிய வீட்டில் தமக்கும் இலை போட்டிருக்கிறது என்று ஒருவன் வந்து சொன்னால், ‘வேறு யாரையோ தேடி வந்திருப்பான்’ என்றுதானே நினைப்பார்கள்? உடுத்தியிருக்கும் துணியைப் பார்ப்பார்கள், பின்வாங்குவார்கள். அந்தத் தயக்கத்தைக் கரைக்கும்வரை வேலைக்காரன் நிற்கவேண்டும். கடவுளின் அழைப்புக்குப் பதில் என்று இந்த உவமை கேட்பது, ‘ஆம், என்னைத்தான்’ என்று நம்பி எழுந்து நடப்பதை. அந்த நம்பிக்கையை அடித்து வரவைக்க முடியாது.

பிற்கால மொழிபெயர்ப்புகளில் ‘வற்புறுத்தி’ என்ற சொல்லும் புழங்குகிறது. மோசமான சொல் அல்ல. வற்பு என்றால் உறுதி. குறுந்தொகைப் பாட்டுகளின் சூழலைச் சொல்லும் துறைக் குறிப்புகளில், பிரிவைத் தாங்க முடியாமல் தவிக்கும் தலைவியைத் தோழி ‘வற்புறுத்தினாள்’ என்று வந்தால், மனத்துக்கு உறுதி தந்து தேற்றினாள் என்று பொருள். அந்தப் பொருளில் படித்தால் வேலியோரத்து ஆளுக்கு அது அழகாகவே பொருந்தும். ஆனால் இன்று அப்படிப் படிப்பவர் யார்? இன்றைய வற்புறுத்தலில் கொஞ்சம் தள்ளுமுள்ளு இருக்கிறது. ‘கட்டாயப்படுத்தி’, ‘பலவந்தமாய்’ இரண்டையும் இந்த வசனத்துக்குப் பக்கத்திலேயே விடக்கூடாது என்பது என் கருத்து.

புதிதாக மொழிபெயர்க்கும் வாய்ப்பு வந்தால் ‘வருந்தி வருந்தி அழைத்து, கூட்டிக்கொண்டு வா’ என்று எழுதலாம். இரட்டித்தவுடன் மன்னிப்புக் கேட்கும் பொருள் விலகி, பேச்சு வழக்கின் பொருள் தானே வந்துவிடும். ‘கூட்டிக்கொண்டு’ என்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மாற்றக்கூடாது. அனுப்பிவை என்று எஜமான் சொல்லவில்லை. கூடவே நடந்து வா என்கிறார்.

முதல் இரண்டு முறை போன வேலைக்காரன் திரும்பி வந்து எஜமானிடம் சொன்னதை லூக்கா எழுதுகிறார். மூன்றாம் முறை பெருவழிக்குப் போனவன் திரும்பி வந்ததாக அவர் எழுதவில்லை.