மதுரை வெயிலில் மன அழுத்தத்தை அளக்க முடியுமா?

பிளஸ் டூ தேர்வு அறையில் வினாத்தாள் கைக்கு வந்ததும் உள்ளங்கை ஈரமாகிவிடும். பல பிள்ளைகள் அதற்காகவே கைக்குட்டையோடு உட்காருவார்கள். இதற்கு வெயில் காரணமில்லை. ஏசி அறையிலும் அந்தக் கை வியர்க்கத்தான் செய்யும். மன அழுத்தத்தைக் கண்டறியும் தோல் உணரிகள் பலவும் நம்பியிருப்பது இந்த ஈரத்தைத்தான்.

நம் உடம்பில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. அவை மிக நெருக்கமாக இருப்பது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும். நெற்றியும் முதுகும் உடல் சூட்டைத் தணிக்க வியர்க்கின்றன; உள்ளங்கை பயத்துக்கும் பதற்றத்துக்கும்தான் அதிகம் வியர்க்கும். மூளை ஆபத்தை உணர்ந்ததும், நம் விருப்பமின்றித் தானாக இயங்கும் பரிவு நரம்புகள் சுரப்பிகளைத் தூண்ட, அவற்றின் நுண்குழாய்களில் உப்பு நீர் ஏறுகிறது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். தோலில் இரண்டு மின்முனைகளை ஒட்டி, சுமார் அரை வோல்ட் கொடுத்து, எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்று பார்த்தால் போதும். திடீர்ச் சத்தம் கேட்டால் ஒன்று முதல் மூன்று நொடிக்குள் அளவு ஏறிவிடும். பிரான்ஸில் ஃபெரே என்ற மருத்துவர் 1888-லேயே இதைக் கவனித்து எழுதினார். இப்போது மாறியிருப்பது கருவியின் உருவம்: தோலோடு சேர்ந்து நீளும் மெல்லிய பாலிமர் படலம், அதற்குள் வெள்ளி நுண்கம்பிகள்.

சரி, இதை மே மாதத்தில் மாட்டுத்தாவணிக்கும் பெரியார் பேருந்து நிலையத்துக்கும் இடையே டவுன் பஸ் ஓட்டுபவருக்கு மாட்டிப் பார்ப்போம். ஸ்டியரிங் பிடிக்கும் உள்ளங்கையில் எதையும் ஒட்ட முடியாது, மணிக்கட்டில்தான் கட்ட வேண்டும். அங்கே சுரப்பிகள் குறைவு, அவையும் சூட்டுக்கே அதிகம் வியர்க்கும். வெளியே வெயில், பக்கத்தில் என்ஜின் அனல். அவர் நிம்மதியாக இருந்தாலும் கருவி நாள் முழுக்க 'அழுத்தம்' என்றே காட்டும். குளிரூட்டிய ஆய்வகத்தில் மட்டும் சோதித்த கருவியை அப்படியே இங்கே விற்பது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கு உடம்பிலேயே ஒரு வழி இருக்கிறது. பயந்தால் கை சில்லிட்டுப்போகும் அல்லவா? பதற்றத்தில் விரல்களின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் வருவது அது. வெயிலில் நேர்மாறாக, வெப்பத்தை வெளியேற்ற அவை விரியும். ஆகவே விரலில் ஒரு வெப்ப உணரியும் இருந்தால், வியர்வையும் சூடும் சேர்ந்து ஏறும்போது வெயிலையும், வியர்வை ஏறிச் சூடு இறங்கும்போது மனதையும் சந்தேகிக்கலாம். கடும் வெயிலில் அந்தச் சூடு இறங்குவது சிறிதாகத்தான் இருக்கும் என்பதால் இதயத் துடிப்பையும் உடல் அசைவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். துடிப்பை அளக்கும் பச்சை ஒளியிலும் ஒரு சிக்கல்: தோலுக்கு நிறம் தரும் மெலனின் அதை உறிஞ்சுவதால் கருநிறத் தோலிலிருந்து குறைவான ஒளியே திரும்பி வரும். இந்தக் கருவியை நம் தோலிலும் சோதித்தாக வேண்டும்.

அப்போதும் ஒரு குறை தீராது. அலங்காநல்லூர் வாடிவாசலில் காளை வெளியே பாயும்போது மேடையில் ஆரவாரம் செய்பவருக்கும் கீழே நடுங்கி நிற்பவருக்கும் கருவி வரையும் கோடு ஒரே மாதிரிதான் எகிறும். கருவிக்குத் தெரிவது கிளர்ச்சி மட்டுமே. மகிழ்ச்சியா துயரமா என்பது தெரியாது. ஊழியர்களின் கையில் இதைக் கட்டி மேலதிகாரி பார்க்கலாம் என்ற யோசனை எனக்குக் கவலை தருவது இதனால்தான்.

அதனால் ஆய்வாளர்கள் கார்ட்டிசால் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் இந்த ஹார்மோன், அழுத்தம் தொடங்கி 20, 30 நிமிடம் கழித்தே ரத்தத்தில் உச்சத்தைத் தொடும். அதில் ஒரு சிறு பங்கு வியர்வையிலும் கசியும், மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில். 2018-இல் ஸ்டான்ஃபோர்டில் செய்த உணரியில், கார்ட்டிசாலுக்கு மட்டும் பொருந்தும் துளைகள் கொண்ட சவ்வு இருந்தது. கார்ட்டிசால் வந்து துளையை அடைத்தால் வியர்வையின் சோடியம், பொட்டாசியம் அயனிகள் உள்ளே போக முடியாது. அந்தத் தடையை மின் சைகையாக அளந்தார்கள்.

ஆனால் கார்ட்டிசால் எல்லோருக்கும் தினமும் ஏறி இறங்குவது. தூங்கி எழுந்த முதல் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் அது தானாகவே கூடும். மல்லிகை வியாபாரத்துக்காக நள்ளிரவு கடந்ததும் எழுந்து பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பும் பெண்ணின் அளவை, காலை ஆறு மணிக்கு எழுபவரின் அளவோடு ஒப்பிட்டு 'அதிக அழுத்தம்' என்று சொன்னால் அது தவறு. அவர் எழும் நேரத்தையும், அவருடைய சாதாரண நாளின் ஏற்ற இறக்கத்தையும் சில வாரமாவது கருவி பதிவு செய்திருக்க வேண்டும்.