அந்தக் கைப்பிடிப் புல்லை எங்கே பறித்தீர்கள்?

போன ஆடி மாதம் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றார். ரத்தப் பரிசோதனைத் தாளில் ஹீமோகுளோபின் 7.2. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான்.

"மாத்திரை சாப்பிட்டா வயிறு பிடிக்குது, நிறுத்திட்டேன் டாக்டர். அஞ்சு மாசமா தினமும் வெறும் வயித்துல அருகம்புல் சாறுதான். அது பச்சை ரத்தமாம்" என்றார்.

இந்தப் 'பச்சை ரத்தம்' என்ற பேச்சை வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறேன். கோதுமைப்புல் சாற்றுக்கும் இதையேதான் சொல்கிறார்கள். இலையின் பச்சையமும் நம் ஹீமோகுளோபினும் அமைப்பில் கொஞ்சம் ஒத்திருப்பது உண்மை. ஆனால் ஒன்றின் நடுவில் இருப்பது மக்னீசியம், மற்றொன்றின் நடுவில் இருப்பது இரும்பு. குடித்த பச்சையம் உள்ளே போய் ரத்தமாக மாறிவிடாது. சித்த மருத்துவத்தில் பாண்டு நோய்க்கு, அதாவது ரத்தசோகைக்கு, நாங்கள் கொடுக்கும் அன்னபேதிச் செந்தூரமும் மண்டூரமும் இரும்பிலிருந்து செய்தவைதான். நம் முன்னோர் ரத்தசோகைக்குப் புல்லை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை.

அவருக்கு மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகம். அதற்கும் சேர்த்துத்தான் அருகம்புல் குடித்திருக்கிறார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கர்ப்பப்பையில் கட்டி. ஐந்து மாதம் வீணாகப் போனதுதான் எனக்கு வருத்தம்.

அப்புறம் கேட்டேன்: "புல்லை எங்கேம்மா பறிக்கிறீங்க?"

"வீட்டுக்குப் பின்னாடி வாய்க்கால் மேட்டுலதான்."

மறுநாள் ஒரு கைப்பிடி கொண்டுவரச் சொன்னேன். பார்வைக்கு நல்ல பசேல் என்றுதான் இருந்தது. எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அலசினேன். முதல் தண்ணீர் கலங்கல். இரண்டாவது தண்ணீரில் கணுக்களுக்கு இடையிலிருந்து கறுப்புச் சேறு இறங்கியது. மூன்றாவது அலசலிலும் அடியில் மண் நின்றது. கூடவே லேசான சாக்கடை வாடை. அந்த அம்மா பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அருகு தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விடும் புல். நாய் போவதும் எலி ஓடுவதும் அதன் மேல்தான். எலியின் சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரலாம். சாற்றை நாம் கொதிக்கவும் வைப்பதில்லை. வயல் வரப்பு சுத்தம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சில களைக்கொல்லிகளைத் தெளித்தபின் புல் மஞ்சளாக ஒரு வாரம்கூட ஆகும். அதுவரை பச்சையாகத்தான் நிற்கும்.

ஆகவே குடிக்க ஆசைப்படுபவர்கள் வீட்டிலேயே வளர்த்துக்கொள்ளுங்கள். அகலமான தொட்டியில் நல்ல மண் போட்டு, கணுவோடு நாலு துண்டு ஊன்றினால் போதும், தானே படரும். பறித்து, வேரை நீக்கி, மூன்று நான்கு முறை அலசி, ரெண்டு மிளகோடு அரைத்து, துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டுவது முக்கியம். மாட்டுக்குச் செரிக்கும் புல் நார் நமக்குச் செரிக்காது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் சாப்பிடுபவர்களும் பச்சைச் சாறு எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

நான் அருகம்புல்லுக்கு எதிரி இல்லை. தோல் அரிப்புக்கு அருகன் தைலம் இன்றும் எழுதித் தருகிறேன். ஆனால் வாய்க்கு ருசியாக ஒரு புல் வேண்டும் என்றால் எலுமிச்சைப்புல்லைத்தான் சொல்வேன். மலேசியத் தமிழர் வீடுகளில் 'செராய்' என்பார்கள். இலங்கைச் சமையலில் ரம்பை என்ற வாசனை இலையோடு சேர்ந்தே போகும். அடித்தண்டை அம்மியில் ஒரு தட்டு தட்டி மீன்குழம்பிலோ தேங்காய்ப்பால் சோற்றிலோ போட்டால், சிட்ரால் என்ற எண்ணெய்ப் பொருள் இறங்கி வீடே மணக்கும். பரிமாறும்போது தண்டை எடுத்துவிடுங்கள், நார் தொண்டையில் குத்தும். இலையை முடிச்சுப் போட்டுக் கொதிக்கவைத்தால் தேநீர். கடையில் சின்னப் பாட்டிலில் விற்கும் எலுமிச்சைப்புல் எண்ணெய் வேறு விஷயம். அதைக் குடிக்கவே கூடாது.

வெட்டிவேரும் புல்தான். கடலூர்ப் பக்கத்து மணல் பூமியில் பயிராகிறது. மண்பானைத் தண்ணீரில் ஒரு சிறு கட்டு போட்டு, சில நாளுக்கு ஒரு முறை எடுத்து வெயிலில் காயவைத்தால் போதும். மூங்கில் குருத்தும் புல் இனம்தான். ஆனால் அதில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள் இருப்பதால் நறுக்கி, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். கூர்க்கிலும் மணிப்பூரிலும் ஊறவைப்பது, புளிக்கவைப்பது என்று ஒவ்வொரு வழக்கம் இருக்கிறது.

அந்த அம்மா மகப்பேறு மருத்துவரிடம் கட்டிக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறார். இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றிக் கொடுத்ததில் வயிற்றுவலி இல்லை. ஐப்பசியில் வந்தபோது ஹீமோகுளோபின் 9.8. மொட்டை மாடியில் தொட்டி வைத்து அருகு வளர்க்கிறாராம். "வாரத்துக்கு ரெண்டு நாள்தான் டாக்டர், மிளகு போட்டு. மாத்திரையை விடலை" என்றார்.