கால் பங்குக் கேடயத்தின் கணக்கு

ஈவ் ஆன்லைன் என்னும் விண்வெளிப் போர் விளையாட்டில் ஈடுபாடுள்ள தொடக்கக் கல்லூரி மாணவர் ஒருவர் உட்லண்ட்ஸிலிருந்து கேள்வி அனுப்பியிருந்தார். கேடயம் ஏறத்தாழ நிறைந்திருக்கும்போது மிக மெதுவாக ஏறுகிறது, முக்கால் பங்கு அழிந்தபின் விரைந்து ஏறுகிறது, 25 விழுக்காடு ராசியான அளவு என்று நண்பர்கள் சொல்கிறார்கள்; அப்படியானால் எதிரியின் தாக்குதலைத் தாங்கும் முறைகளான ஆக்டிவ் டேங்க், பேசிவ் டேங்க் இரண்டில் எதை நம்புவது என்று கேட்டிருந்தார். எண்களுக்கு ராசி கற்பிக்கும் பழக்கம், காரணத்தைத் தேடும் ஆவலை முளையிலேயே கிள்ளிவிடுகிறது என்பது என் கருத்து. இங்கே வேலை செய்வது ராசியன்று, ஒரு வர்க்கமூலம்.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-இல் வெளியிட்ட இந்த விளையாட்டில் கப்பலுக்குக் கேடயம், கவசம், உடற்பகுதி என மூன்று அடுக்குகள் உண்டு. கப்பலின் ஆற்றல் சேமிப்பான மின்தேக்கியிலிருந்து ஆற்றலைச் செலவிட்டு, ஷீல்டு பூஸ்டர் போன்ற கருவியால் இழந்ததை மீட்பது ஆக்டிவ் முறை. கேடயத்தின் கொள்ளளவையும் அது தானாக ஏறும் வேகத்தையும் கூட்டி வைத்துக்கொள்வது பேசிவ் முறை. நம் சிங்கப்பூரின் மரீனா அணைக்கட்டில் கடல்மட்டம் தாழ்ந்திருக்கும்போது 9 மதகுகளின் வழியே நீர் தானாக வெளியேறுகிறது; கடல்மட்டம் உயர்ந்திருக்கும்போது பெய்யும் பெருமழைக்கு 7 பெரிய பம்புகள் மின்சாரத்தை எடுத்துக்கொண்டு அதே வேலையைச் செய்கின்றன. வேறுபாடு அதுதான்.

தானாக ஏறும் வேகத்துக்கு வருவோம். கேடயத்தின் கொள்ளளவு 10,000 புள்ளிகள், அது நிரம்ப விளையாட்டு குறிப்பிடும் நேரம் 1,000 நொடிகள் என்று கொண்டால், சராசரி வேகம் நொடிக்கு 10 புள்ளிகள். ஆனால் எந்தக் கணத்திலும் உண்மையான வேகத்தைக் காண, எஞ்சியுள்ள பங்கின் வர்க்கமூலத்திலிருந்து அந்தப் பங்கையே கழித்து, விடையை 10-ஆல் பெருக்கி, மீண்டும் சராசரி வேகத்தால் பெருக்கவேண்டும். 90 விழுக்காட்டில் நொடிக்கு 5 புள்ளிகள்கூட வருவதில்லை. பாதியில் ஏறத்தாழ 21. கால் பங்கில் சரியாக 25. ஒரே ஒரு விழுக்காடு எஞ்சும்போது வெறும் 9.

உச்சம் ஏன் கால் பங்கில் அமைகிறது? வர்க்கமூலத்தை ‘வ’ என்று குறித்தால், எஞ்சியுள்ள பங்கு அதன் வர்க்கம் ஆதலால், நாம் செய்த கழித்தல் வ × (1 − வ) என்ற பெருக்கலாக மாறிவிடுகிறது. வ, 1 − வ ஆகியவற்றின் கூட்டுத்தொகை எப்போதும் 1. கூட்டுத்தொகை மாறாத இரண்டு எண்களின் பெருக்குத்தொகை அவை சமமாகும்போதே மிகுதி. சுற்றளவு மாறாத செவ்வகங்களுள் சதுரத்துக்கே பரப்பளவு அதிகம் என்று பள்ளியில் படித்த அதே உண்மை இது. ஆகவே வ என்பது அரை, அரையின் வர்க்கம் கால்.

இதிலிருந்து இன்னும் அழகான ஒன்று பிறக்கிறது. எதிரி நொடிக்கு 24 புள்ளிகள் அழிக்கிறான் என்று கொள்வோம். ஏற்றமும் இழப்பும் சமமாகும் இடங்கள் இரண்டு: 36 விழுக்காடு, 16 விழுக்காடு. 36-இலிருந்து சற்றுக் கீழே இறங்கினால் ஏறும் வேகம் கூடிக் கேடயத்தை மேலே தள்ளுகிறது, சற்று மேலே போனால் வேகம் குறைந்து கீழே இழுக்கப்படுகிறது. கிண்ணத்தின் அடியில் கிடக்கும் கோலிக்குண்டைப்போல அது அங்கேயே நிலைகொள்கிறது. 16 விழுக்காடோ கவிழ்த்த கிண்ணத்தின் உச்சி. அதற்குக் கீழே போனால் குறையக் குறைய வேகமும் குறைந்து, கேடயம் சரிந்துவிடும். எதிரி 24-ஐ 26 ஆக்கினாலோ சமநிலைப் புள்ளிகள் இரண்டுமே மறைந்துவிடுகின்றன. வகைக்கெழுச் சமன்பாட்டை அறிமுகப்படுத்தும் நாளில் ஆசிரியர்கள் இந்தக் கப்பலைக் காட்டவேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

ஆக்டிவ் முறை இந்த வளைவிலிருந்து தப்பிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். தப்பவில்லை, ஏனெனில் மின்தேக்கி நிரம்புவதும் இதே சமன்பாட்டின்படிதான். கேடயத்தில் இருந்த வளைவை அது மின்தேக்கிக்கு இடம் மாற்றியிருக்கிறது, அவ்வளவே. ஆயினும் இடமாற்றத்தால் ஒரு நன்மை உண்டு: நிறைந்த மின்தேக்கியோடு போருக்குள் நுழைபவர், நிரம்பும் வேகத்தைவிட வேகமாகச் செலவிட்டு, சில நிமிடங்களுக்கு மட்டும் பேசிவ் முறைக்கு எட்டாத அளவில் கேடயத்தை மீட்கலாம். எதிரியிடம் ஆற்றலை உறிஞ்சி அழிக்கும் கருவி இருந்தால் மின்தேக்கி வறண்டு, பூஸ்டர் நின்றுவிடும். தானாக ஏறும் கேடயத்தை அந்தக் கருவியால் நிறுத்த முடியாது. பேசிவ் முறைக்கும் விலை உண்டு: கேடயத்தைப் பெரிதாக்கும் கருவிகள் எதிரியின் குறியில் கப்பலைப் பெரிதாகத் தோன்றச் செய்கின்றன.

ஆகவே உட்லண்ட்ஸ் வாசகர், சீரான தாக்குதலை நெடுநேரம் தாங்கவேண்டிய இடத்துக்குப் பேசிவ் முறையையும், குறுகிய கடும் மோதலுக்கு ஆக்டிவ் முறையையும் பொருத்திக்கொள்ளலாம். பேசிவ் முறையில் சென்றால் சராசரிச் சேதத்தை மட்டும் பார்த்து நிறைவடையவேண்டாம். மேலே சொன்ன கப்பல் 36 விழுக்காட்டில் நிலைத்திருந்தாலும் 16 விழுக்காட்டுக்கு இடைவெளி 2,000 புள்ளிகளே. எதிரியின் ஒரே குண்டுவீச்சு அதைவிடப் பெரியதா என்பதைப் புறப்படுமுன் கணக்கிட்டுக்கொள்ளவேண்டும்.