ஹாஷ்ரேட் என்பது வீதம், விகிதம் அல்ல

கணக்குப் போட்டுப் பிட்காயின் ஈட்டும் மைனிங் மெஷின் பற்றித் தமிழில் வரும் விவரக்குறிப்புகளில் "ஹாஷ் விகிதம்: 200" என்ற வரி தவறாமல் இருக்கிறது. ரேட் என்று கண்டதும் விகிதம் என்று எழுதிவிடுகிறார்கள். இது வெறும் எழுத்துப் பிழை அல்ல, மெஷினை எடைபோடும் கணக்கையே குழப்பும் பிழை.

ஹாஷ் என்ற சொல், கொத்துதல், நறுக்குதல் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. கொத்துக்கறிக்கும் அங்கே அதே பெயர்தான். தரவை நறுக்கிக் கலக்கி ஒரே நீளமுள்ள எண்ணாக்கும் கணிப்புக்குப் பின்னாளில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிட்காயினில் பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) ஒன்றின் 80 பைட் நீளமுள்ள தலைப்பை ஷா-256 என்ற ஹாஷ் கணிப்புக்குள் இரண்டு முறை செலுத்தினால் ஒரு ஹாஷ். விடை, வலைப்பின்னல் குறித்த இலக்கு எண்ணுக்கு மேலே போனால், இதற்கென்றே தலைப்பில் உள்ள நான்ஸ் என்ற எண்ணை மாற்றி மறுபடி முயல வேண்டும். இப்படி விநாடிக்கு எத்தனை முயற்சி என்பதுதான் ஹாஷ்ரேட். டெரா என்பது லட்சம் கோடி. 200 டெராஹாஷ் என்றால் விநாடிக்கு இரண்டு கோடி கோடி முயற்சிகள்.

ஹாஷைத் தமிழாக்கியே தீர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 'கொத்து' என்று போட்டால் பூங்கொத்து, சாவிக்கொத்து என்று தொகுதிப் பொருள் முந்திக்கொள்ளும். ஹாஷ் இருந்துவிட்டுப் போகட்டும். ரேட்டுக்குத்தான் சரியான சொல் கையிலேயே இருக்கிறது. 'உந்தம் மாறும் வீதம்' என்று பள்ளி இயற்பியலில் படித்திருக்கிறோம். 'ஆளுக்கு இரண்டு வீதம்' என்று பந்தியில் சொல்கிறோம். ஓர் அலகுக்கு இவ்வளவு என்பது வீதம். ஒரே வகையான இரண்டு அளவுகளை ஒப்பிட்டு, அலகு அடிபட்டுப்போய் வெறும் எண் மிஞ்சினால் அது விகிதம்.

'வட்டி விகிதம் என்று எல்லோரும் எழுதுகிறார்களே' என்பது எதிர்த்தரப்பின் வழக்கமான வாதம். வட்டியும் பணம், அசலும் பணம். ஒன்றை மற்றதால் வகுக்கிறோம், அங்கே விகிதம் பொருந்துகிறது. முயற்சிகளின் எண்ணிக்கையை விநாடியால் வகுக்கும் இடத்தில் அந்த உதாரணம் செல்லாது. இலங்கையில் நூற்றுக்கு இத்தனை என்பதையே வீதம் என்று சொல்வதால் அங்கே குழம்பாதா என்றும் கேட்கலாம். 'விநாடிக்கு 200 டெராஹாஷ்' என்று அலகோடு எழுதினால் குழப்பத்துக்கு இடமே இல்லை. அலகை விழுங்கிவிட்டு எழுதுவதுதான் நோய்.

வருமானத்தைக் கணக்கிடும்போது இந்த வேறுபாடு நேராக வந்து நிற்கும். உலகின் எல்லா மெஷின்களும் சேர்ந்த வலைப்பின்னலின் மொத்த ஹாஷ் வீதம் விநாடிக்கு 600 எக்ஸாஹாஷ் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸா என்பது பத்து லட்சம் டெரா. நம் மெஷின் 200 டெராஹாஷ். வகுத்தால் முப்பது லட்சத்தில் ஒரு பங்கு. இதுதான் விகிதம்! ஏப்ரல் 2024 முதல் புது பிளாக் ஒன்றுக்குப் பரிசு 3.125 பிட்காயின், நாளொன்றுக்குச் சுமார் 144 பிளாக், ஆக 450 பிட்காயின். நம் பங்கு 0.00015, அதாவது 15,000 சடோஷி (பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு ஒரு சடோஷி). பூல் (பலர் மெஷின்களைச் சேர்த்து ஓட்டிப் பரிசைப் பகிரும் குழு) கட்டணமும் மின்கட்டணமும் இதிலிருந்து கழிய வேண்டும். மெஷினின் வேகத்துக்கே விகிதம் என்று பெயர் வைத்துவிட்டால், வருமானத்தைத் தீர்மானிக்கும் இந்தப் பங்கை எந்தச் சொல்லால் சொல்வது? மெஷினின் வீதம் மாறாமலே இருந்தாலும், உலகில் புது மெஷின்கள் சேரச் சேர விகிதம் தேயும். வாங்குபவருக்கு முதலில் புரிய வேண்டியது இதுதான்.

விவரக்குறிப்புகளில் வரும் 'செயல்திறன்' என்ற சொல் இன்னும் மோசம். வேகத்துக்கும் அதே சொல், மின்சிக்கனத்துக்கும் அதே சொல். ஆன்ட்மைனர் எஸ்9 மெஷின் விநாடிக்கு 13.5 டெராஹாஷுக்கு 1,323 வாட் இழுத்தது, அதாவது டெராஹாஷுக்கு 98 ஜூல். எஸ்21 மெஷினில் 200 டெராஹாஷுக்கு 3,500 வாட், 17.5 ஜூல். இந்த எண் குறையக் குறைய நல்லது. 'செயல்திறன் 98', 'செயல்திறன் 17.5' என்று அட்டவணை போட்டால் புதியவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? 'டெராஹாஷுக்கு ஆகும் மின்செலவு' என்று எழுதுங்கள். சொல் நீளம்தான், ஆனால் யாரும் ஏமாற மாட்டார்கள். எஸ்21 நாளொன்றுக்கு 84 யூனிட் எடுக்கும். யூனிட் 8 ரூபாய் என்றால் 672 ரூபாய்.

ஹாஷ்ரேட்டுக்கு 'ஹாஷ் ஆற்றல்' என்பதும் வேண்டாம். ஆற்றல் ஜூலில் அளக்கப்படுவது, மின்கட்டண ரசீதில் வருவது.

பழைய மெஷின் விற்பவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டில் பெரும்பாலும் அந்த நொடியின் வீதம்தான் இருக்கும். அதை நம்பக் கூடாது. ஒரு பூலில் இணைத்து ஓடவிட்டு, பூல் காட்டும் 24 மணி நேரச் சராசரியைப் பார்க்க வேண்டும். பூல் தன்னிடம் வந்த ஷேர்களை (பூல் வைத்த எளிய இலக்கைத் தொட்ட விடைகளை) வைத்தே வீதத்தைக் கணிக்கிறது. ஷேர் கிடைப்பது தற்செயல் என்பதால் ஒரு மணி நேர எண் ஏறி இறங்கத்தான் செய்யும். 110 டெராஹாஷ் தரும் எஸ்19 புரோ மெஷின் 73 அருகிலேயே நின்றால், அதன் மூன்று ஹாஷ்போர்டில் (சிப் பொருத்திய பலகையில்) ஒன்று படுத்துவிட்டது என்று பொருள். மெஷினின் கன்ட்ரோல் பக்கத்தில் போர்டுக்கு 114 சிப் தெரிகிறதா என்று எண்ணிப் பாருங்கள். வாட் அளவை மெஷின் திரையில் பார்க்காமல் சுவரிலிருந்து வரும் லைன் வயரில் மட்டும் கிளாம்ப் மீட்டர் போட்டு அளக்க வேண்டும். 3,500 வாட் மெஷின் 230 வோல்ட்டில் சுமார் 15.2 ஆம்பியர் இழுக்கும். வீட்டில் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் அதை இரவுபகலாக ஓட்டினால் பின் கருகும், தனி லைன் இழுத்தாக வேண்டும்.

விற்பனைக் குறிப்பு எழுதுகிறவர்கள் இப்படி எழுதலாம்: ஹாஷ் வீதம் விநாடிக்கு 110 டெராஹாஷ் (24 மணி நேரச் சராசரி), சுவரில் அளந்த மின்சாரம் 3,250 வாட், மின்செலவு டெராஹாஷுக்கு 29.5 ஜூல், அளந்தபோது அறை வெப்பம் 25 டிகிரி.